பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வைஃபை: வீம் மினி மதிப்புரை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் அதனோடு வந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் இன்றும் குறையின்றிப் பாடுகின்றன. அப்படியொரு செட்டை மூலையில் போட்டுவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்க மனம் ஒப்பாதவர்களுக்கு, இணையப் பாட்டை வைஃபை வழியாக எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் லிங்க்ப்ளே நிறுவனத்தின் வீம் மினி மிகவும் பொருத்தமான கருவி. இதே வேலையைச் செய்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019-இல் நிறுத்தப்பட்ட பின் ஏற்பட்ட குறையை, உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பெட்டி நன்றாகவே போக்குகிறது.

ப்ளூடூத்தில் பாட்டு செல்போன் வழியாகவே வந்தாக வேண்டும். வரும் வழியில் மறுபடியும் சுருக்கப்படுகிறது. தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அழைப்பு வந்தால் எல்லாம் நின்றுவிடும். வீம் மினியில் ஸ்பாட்டிஃபை செயலியின் கனெக்ட் வசதி மூலம் கேட்கும்போது, செல்போன் எந்தப் பாட்டு என்று சொல்வதோடு சரி. பாட்டை இணையத்திலிருந்து கருவியே நேரடியாக எடுத்துக்கொள்கிறது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாலும் கச்சேரி தடைபடுவதில்லை. ஆப்பிளின் ஏர்ப்ளே 2 வசதி வழியாக ஐபோனிலிருந்து அனுப்பினால் போன் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்தக் கருவியின் பெருமையும் சிறுமையும் அதை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்கும் இடத்தில்தான் தீர்மானமாகின்றன. கருவியின் 3.5 மி.மீ. அவுட் துளையிலிருந்து சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. முனைகள் கொண்ட கேபிளை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் அல்லது சி.டி. துளைகளில் செருக வேண்டும். அதே அளவில் இன் துளை ஒன்றும் இருப்பதால் எழுத்தைப் பார்த்துச் செருகுவது நல்லது. இசைத்தட்டுக் கருவிக்கான, ஃபோனோ என்று எழுதியிருக்கும் துளையில் மட்டும் செருகவே கூடாது. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாகச் சரிசெய்வதுடன், ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுகளைப் பலமடங்கு பெருக்கவும் செய்கிறது. வீம் மினியின் வலுவான சிக்னல் அங்கே போனால், மிருதங்கத்தின் தொப்பி வீடே அதிரும்படி இரைவதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

எங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஆர்.சி.ஏ. துளையே கிடையாது, அந்தக் காலத்து வழக்கப்படி டேப் ரெக்கார்டரை இணைப்பதற்கான, வட்டமான ஐந்து ஊசி டின் சாக்கெட்தான். எஸ்.பி. ரோட்டில் ஒரு சிறிய கடையில் அதற்கான கேபிள் கிடைத்தது. கடைக்காரர் மல்டிமீட்டரின் ஒரு முனையை வெள்ளை முனையிலும் மறு முனையை ஊசிகளில் ஒவ்வொன்றாகவும் வைத்து, மூன்றாம் ஊசியில் பீப் ஒலி வந்த பிறகே கேபிளைக் கையில் கொடுத்தார். நடுவிலுள்ள இரண்டாம் ஊசி எர்த். இந்த டேப் சாக்கெட்டில் மூன்றும் ஐந்தும் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலியைக் கொண்டுசெல்பவை, ஒன்றும் நான்கும் பதிவுக்காக வெளியே அனுப்புபவை. ஒன்று, நான்கோடு இணைத்த கேபிளும் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். அதை வாங்கி வந்தால் எதுவும் பாடாது. ஆகவே சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

செட்டில் சேர்த்தபின் வீம் ஹோம் செயலியில் ஒலியளவை மாறாத அளவில் நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் குமிழாலேயே கூட்டிக் குறைப்பதுதான் என் பரிந்துரை. அப்படிக் கேட்டபோது தம்பூராவின் நான்கு தந்திகளும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் தனித்தனியாகத் தெரிந்தன. முன்பு ப்ளூடூத்தில் இவை ஒரே இரைச்சலாகக் கலந்திருந்தன. மின்சாரத்துக்குத் தனி சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள், டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தால் ஸ்பீக்கரில் ரீங்காரம் வர இடமுண்டு. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் துளை இருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம்; அந்தக் கேபிளில் ஒளி மட்டுமே செல்வதால் அதன் வழியாக ரீங்காரம் நுழையாது.

குறைகள் இரண்டு. லேன் கேபிள் செருக இடமில்லை. எனவே தடித்த சுவர் கொண்ட பழைய வீடுகளில் ரவுட்டரை அருகில் வைக்க வேண்டும், அல்லது சுவரை எளிதில் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைக்க வேண்டும். செயலியிலிருந்தே பாட்டைக் கருவிக்கு அனுப்பும் கூகுள் காஸ்ட் வசதியும் இதில் இல்லை. ஆண்ட்ராய்டு செயலிகளின் காஸ்ட் பொத்தானை அழுத்திப் பழகியவர்கள், அந்த வசதியும் லேன் துளையும் ஆர்.சி.ஏ. துளைகளும் உள்ள வீம் ப்ரோவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே மேல்.