மகளிரியல் படிக்கணுமா? முக்கூடல்காரி மூணு மாசம் தேடின கதை

முதல்லயே சொல்லிடுதேன், நான் ஆராய்ச்சி மாணவி இல்லை. பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல். அம்மா மடியில பீடித்தட்டு இல்லாம நான் பார்த்த நாள் கம்மி. அந்தக் கூலியிலதான் பி.காம். முடிச்சேன். நாற்பது தாண்டின பிறகு, பெண்கள் உழைப்பைப் பத்தி முறையா ஒரு எம்.ஏ. படிச்சா என்னன்னு தோணுச்சு. எங்கே படிப்பு இருக்கு, எங்கே புத்தகம் கிடைக்குன்னு தேடினதுல எது உதவுச்சு, எது காலை வாருச்சுன்னு எழுதுதேன்.

முதல்ல ஒரு பல்கலைக்கழக இணையதளம். பேர் வேண்டாம். ‘மகளிரியல் மையம்’னு இணைப்பு இருந்தது. தட்டினா மகளிர் தினக் கோலப்போட்டி போட்டோ வருது. பாடத்திட்டம் கிடையாது, கட்டணம் கிடையாது, இருந்த போன் நம்பர் விடுதிக்குப் போகுது. நாலாவது தடவை எடுத்த ஒருத்தர்தான், “அது கோர்ஸ் இல்லம்மா, சென்டர்” என்றார். அஞ்சுக்குப் பாதி நட்சத்திரம், அதுவும் அவருக்கு.

ஆனா அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. மையம் வேற, துறை வேற. மையம்னா ஆய்வு, பயிற்சி, கருத்தரங்கு. பட்டப்படிப்பு இருந்தே ஆகணும்னு இல்லை. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் இங்கெல்லாம் மகளிரியல் தனித்துறை. வேலையை விட்டுட்டுப் போக முடிஞ்சவங்க முதல்ல அங்கே விசாரிங்க. மத்த இடங்கள்ல இந்தப் பாடம் சமூகவியல், வரலாறு, ஆங்கிலம்னு வேற துறைக்குள்ள ஒரு தாளா ஒளிஞ்சு கிடக்கும். துறைப் பேரைப் பார்த்துட்டு மூடிடாதீங்க. பாடத்திட்ட பி.டி.எஃப்.பைத் திறந்து ‘ஜெண்டர்’, ‘விமன்’னு ரெண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்க. தமிழ்லயும் மகளிரியல், பெண்ணியல், பாலினக் கல்வின்னு ஆளுக்கொரு பேர் வச்சிருக்காங்க.

எனக்குத் தோதாப் பட்டது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தொலைநிலையில மகளிர் மற்றும் பாலினக் கல்வி எம்.ஏ. இருக்கு, ரெண்டு வருஷம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரியும் ஜூலையும், சேர்க்கை. சேரும் முன்னாடியே பாடம் நமக்கு ஒத்துவருமான்னு பார்க்கலாம். இ-ஞானகோஷ்ங்கிற அவங்க இணையக் களஞ்சியத்துல பாடப் புத்தகங்கள் இலவசமா இருக்கு. ராத்திரி பாத்திரம் கழுவின பிறகு ஒரு யூனிட்னு வாசிச்சேன். இந்தத் துறைக்கே அஸ்திவாரம் 1974ல வந்த, இந்தியப் பெண்களின் நிலை பற்றிய அரசுக் குழு அறிக்கைன்னு சொல்லுதாங்க. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் ஆய்வுப் பிரிவு ஆரம்பிச்சதும் அதே வருஷம். குறை ஒண்ணுதான்: எல்லாம் ஆங்கிலம். முதல் வாரம் பக்கத்துக்குப் பத்து தடவை அகராதி புரட்டினேன்.

ஆனா என்னை உட்கார வச்சது சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களோட பிஎச்.டி. ஆய்வேடுகளைக் காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்ளிப்நெட்ங்கிற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் இணையத்துல சேர்த்து வச்சிருக்கிற களஞ்சியம். காசு கிடையாது. அத்தியாயம் அத்தியாயமா தனித்தனி ஃபைல், அதனால செல்போன் டேட்டா தீராது. சூட்சுமம் எல்லாம் எழுத்துக்கூட்டுலதான். ஆங்கிலத்துல ‘பீடி’க்கு ரெண்டு ‘இ’ போட்டா ஒரு கூட்டம் வருது. ஒத்தை ‘ஐ’ போட்டா வேற கூட்டம். வங்காளத்துக்காரங்க ‘பிரி’ன்னு எழுதுதாங்க, அது தனி. மூணையும் போடுங்க. தமிழ்ல எழுதின ஆய்வேடுகள்ல பல, பழைய ஃபாண்ட்ல அடிச்சது, இல்லைன்னா ஸ்கேன் பண்ணின படம். உள்ளே சொல் தேட முடியாது. பல்கலைக்கழகம், துறைன்னு வரிசையா இறங்கித்தான் கண்டுபிடிக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்படி ஒரு அத்தியாயத்தை அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டினேன். 1966லயே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்துட்டு, வீட்டுல இருந்து சுத்துறவங்களும் அதுல தொழிலாளிதான்னு வந்த இடத்துல கையை நீட்டி நிறுத்தினா.

“எந்த வருசம்னு சொன்ன?”

“அறுபத்தாறும்மா.”

“நான் தட்டு எடுத்ததே அறுபத்தொம்பதுலட்டி. அப்பம் நான் வாரதுக்கு முன்னாலயே சட்டம் வந்து உக்காந்திருக்கு.” கொஞ்ச நேரம் கழிச்சு, “சுத்திக் குடுத்த பீடியைக் கழிவுன்னு ஏஜெண்டு பிச்சுப் போட்டான்லா, அந்தக் கூலி எங்க போச்சுன்னு எழுதிருக்கா பாரு” என்றாள்.

அடுத்த ஃபைல்ல இருந்தது. அவளுக்காக அதை மட்டும் பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தேன், பதினாலு பக்கம். படிக்கத் தெரியாது, ஆனா பாஸ்புக்கோட சேர்த்து டிரங்குப் பெட்டியில வச்சிருக்கா.

இ-ஞானகோஷுக்கு நாலு நட்சத்திரம், சோத்கங்காவுக்கு நாலரை. காலேஜ் வாத்தியார் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’லயும் மகளிரியல் ஒரு பாடம்ங்கிறதால, படிச்சா என்ன பிரயோசனம்னு கேக்குற மாமாமாருக்குச் சொல்ல ஒரு பதிலும் இருக்கு. எனக்கு ஜனவரி சேர்க்கை. பட்டச் சான்றிதழை ஸ்கேன் எடுத்தாச்சு. கையெழுத்து ஃபைல்தான் அளவுக்குள்ள அடங்க மாட்டேங்குது.