செங்கோட்டையில் விற்கும் எண் அட்டைப் பெட்டி: ஒரு மதிப்புரை

செங்கோட்டைக் கடைத்தெருவில் உள்ள ஓர் எழுதுபொருள் கடை, தானே அச்சிட்ட எண் அட்டைப் பெட்டியைத் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக விற்கிறது. ஒவ்வோர் அட்டையின் முன்புறத்திலும் ஓர் எண்ணும், பின்புறத்தில் பல துறைகளில் அந்த எண் இடம்பெறும் செய்திகளும் உள்ளன. விலை 220 ரூபாய். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் உள்ள வீட்டினர் இதைத் தயங்காமல் வாங்கலாம். எனினும் அடுத்த பதிப்பில் திருத்த வேண்டியவையும் சில இருக்கின்றன.

பெட்டியில் தலைசிறந்தது 18 என்னும் அட்டை. ஐயப்ப பக்தர்கள் ஆரியங்காவு வழியாக மலைக்குச் செல்லும் ஊர் இது என்பதால், சபரிமலையின் 18 படிகளிலிருந்து அது தொடங்குவது பொருத்தமே. தொடர்ந்து தமிழின் மெய்யெழுத்துகள் 18, எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சேர்ந்த மேற்கணக்கு நூல்கள் 18, ஆர்கானின் அணு எண் 18, 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே 1989இல் 21இலிருந்து 18 ஆகக் குறைந்த வாக்குரிமை வயது, 1764இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் 22இலிருந்து 18 ஆகச் சுருக்கப்பட்ட கோல்ஃப் குழிகள் என்று செய்திகள் வருகின்றன.

என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது மகாபாரதப் பகுதி. பருவங்கள் 18, போர் நடந்த நாட்கள் 18, கீதையின் அத்தியாயங்கள் 18, கௌரவர் படை 11 அக்குரோணியும் பாண்டவர் படை 7 அக்குரோணியும் சேர்ந்தால் 18. ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350 என்ற கணக்கைத் தந்துவிட்டு, ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டிப் பார்க்கும்படி அட்டை பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறது. நான்கிலும் 18 வருவதைத் தாமே காணும் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள்.

ஆனால், திட்டமிட்டு அமைந்த 18 எது, தற்செயலாக நேர்ந்த 18 எது என்று அட்டை பிரித்துக் காட்டவில்லை. இதையே பெரிய குறையாகக் கருதுகிறேன். இதிகாசத்தில் இத்தனை முறை அந்த எண் வருவதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருந்திருக்க வேண்டும். நீரின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 18 ஆவதோ, ஆக்சிஜனின் 16உடன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்வதால் வருவது. அதற்கும் வாக்குரிமை வயதுக்கும் எந்த உறவும் இல்லை. இந்த வேறுபாட்டை உணர்த்தாவிட்டால், எண்ணுக்கே ஏதோ மந்திர சக்தி இருப்பதாகப் பிள்ளைகள் நம்பிவிடக்கூடும்.

கிரகணங்கள் 18 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்புகின்றன என்ற வரியும் முழுமையானதன்று. சாரோஸ் சுழற்சி ஏறத்தாழ 18 ஆண்டுகள், 11 நாட்கள், 8 மணி நேரம் கொண்டது. அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் மேற்கே வெகுதொலைவில்தான் தெரியும். சுவையான பகுதியே விடுபட்டிருக்கிறது.

மலையாளப் பெட்டியில் மெய்யெழுத்துச் செய்தியை 36ஆம் எண் அட்டைக்கு மாற்றியிருப்பது, வெறும் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாத உழைப்பைக் காட்டுகிறது. அட்டையின் கனமும் போதுமானது. எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாக இருந்திருக்கலாம்.

13ஆம் எண் அட்டையில் கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம் இல்லாதது ஏமாற்றமே. கொல்லம் செல்லும் ரயிலில் இவ்வூர்ப் பிள்ளைகள் கடக்கும் அந்தக் கற்பாலத்தை அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.