ஈவா, எலீட்டா? டர்பனில் உட்கார்ந்து ஆடுபவருக்கு எது ஒத்துவரும்

விண்வெளி சாண்ட்பாக்ஸ் கேம் எதை எடுத்தாலும் விளம்பரம் ஒன்றுதான்: என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஈவ் ஆன்லைன், எலீட் டேஞ்சரஸ், நோ மேன்ஸ் ஸ்கை மூன்றுமே அதைத்தான் சொல்கின்றன. ஆடிப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமான சுதந்திரம். டர்பனின் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கத்துத் தம்பிகள் "அண்ணா, எதை டவுன்லோட் பண்ணட்டும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீ கஷ்டப்பட்டுச் சேர்த்ததை இன்னொருத்தன் வந்து அள்ளிக்கொண்டு போனால் தாங்குவாயா? தாங்குவேன் என்றால் ஈவ். இல்லை என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஈவில், சீனா நீங்கலாக உலகம் முழுக்க ஆடுபவர்கள் ஒரே சர்வரில், ஒரே பிரபஞ்சத்தில் இருக்கிறார்கள். அங்கே ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் தாது வெட்டி, இன்னொருவர் கட்டி, மூன்றாமவர் சந்தையில் விற்றவை. ஜிட்டா என்ற பெரிய சந்தையை நிறுவனம் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆட்கள் அங்கே கூடிக் கூடி அது சந்தையாகிவிட்டது. பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்படும் இடத்தில்கூட கான்கார்ட் போலீஸ் உங்களைத் தாக்கியவனைத் தண்டிக்குமே தவிர, தாக்குதலைத் தடுக்காது. சரக்கின் மதிப்பு தன் கப்பலின் விலையைவிட அதிகம் என்று கணக்குப் போட்டவன், போலீஸ் வருவதற்குள் உங்களை உடைத்துவிட்டுத் தானும் உடைந்து போவான். கூட்டாளி வந்து சிதறிய சரக்கைப் பொறுக்குவான். இது விதிமீறல் இல்லை, ஒரு தொழில்.

2005-இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை செய்ததைப் பாருங்கள். ஆடுபவர்கள் சேர்ந்து நடத்தும் கார்ப்பரேஷன் என்ற குழு ஒன்றுக்குள் தன் ஆட்களை மாதக்கணக்கில் நுழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, ஒரே நாளில் தலைவியின் கப்பலை உடைத்துக் கிடங்குகளையும் காலி செய்தது. சி.சி.பி. தலையிடவில்லை. ஈவின் ஆழம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அது மெனுவில் இல்லை, மனுஷனுக்குள் இருக்கிறது. பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாததல்ல.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் மூண்ட போரின் காரணம் இன்னும் வேடிக்கை. அந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் போனது, உரிமை கைநழுவியது, எதிரணி நுழைந்தது. சுமார் 21 மணி நேரச் சண்டை, 7,500-க்கும் மேற்பட்டவர்கள், அழிந்த டைட்டன் என்ற மிகப் பெரிய வகைக் கப்பல்கள் 75. இதற்குக் கதை எழுத யாரையும் சம்பளத்துக்கு வைக்கவில்லை.

எலீட் நேர் எதிர். இங்கிலாந்தின் ஃப்ரண்டியர் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட இதில் ஆழம் வானத்தில் இருக்கிறது. நம் பால்வெளி முழுவதையும் நிஜ அளவில், சுமார் 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு செய்திருக்கிறார்கள். தெரிந்த நட்சத்திரங்களை அட்டவணைப்படி வைத்துவிட்டு, மீதியை இயற்பியல் கணக்கால் நிரப்பியிருக்கிறார்கள். 2017-இல் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு நட்சத்திரத்தைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதை நாசா அறிவித்தபோது, கிட்டத்தட்ட அதே இடத்தில் அதுபோன்ற ஒரு மண்டலத்தை எலீட்டின் கணக்கு ஏற்கனவே போட்டு வைத்திருந்தது. அப்புறம் பெயரை மாற்றிக் கொஞ்சம் திருத்தினால் போதும் என்றாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவருக்கு இதில் ஒரு தனிச் சுகம் உண்டு. ஜூன், ஜூலை இரவுகளில் பால்வெளியின் மையம் நம் தலைக்கு மேலேயே போகிறது. கரூ வறண்ட நிலத்தில் நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 டிஷ்கள் 2018 திறப்பு விழாவுக்குப் படம் எடுத்துக் காட்டியதும் அந்த மையத்தைத்தான். எலீட்டில் அங்கேயே போகலாம். 26,000 ஒளி ஆண்டு தூரம் தாவித் தாவிப் போய், நடுவில் உள்ள கருந்துளைக்கு முன்னால் கப்பலை நிறுத்தலாம். தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில் தெரியும் ஆல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. மண்டலத்துக்குள் நுழைந்த பிறகும், சாதாரண வேகத்தில் போனால், அதை எட்ட ஒன்றரை மணி நேரம் நேராகப் பறக்க வேண்டும். அங்கே ஒரு கோப்பை விற்கிறார்கள். அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எலீட்டில் இன்னொருவர் உங்கள் வாழ்க்கையைப் பெரிதாகத் தொட முடியாது. எல்லோரோடும் ஆடலாம், நண்பர் குழுவோடு ஆடலாம், தனியாகவே ஆடலாம். கேலக்சி மட்டும் பொது. ஒருவருக்கொருவர் நேரடியாகப் பணம் கொடுக்கவும் வழியில்லை. கப்பல் உடைந்தால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டி, பொருத்திய உறுப்புகளோடு அப்படியே திரும்ப வாங்கலாம். ஈவில் போனது போனதுதான். இன்ஷூரன்ஸ் கப்பலின் வெற்று உடலுக்குத்தான், அதில் மாட்டிய எதற்கும் இல்லை. எலீட்டில் நிஜமாக வலிப்பது ஒன்றே ஒன்று: நெடும்பயணத்தில் சேர்த்த ஆய்வுத் தகவலை விற்பதற்கு முன் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. ஆராய்ச்சிப் பயணிகள் தரையிறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

நோ மேன்ஸ் ஸ்கை பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2016-இல் வந்தபோது திட்டு வாங்கியது, பிறகு வருடா வருடம் இலவசமாகவே வளர்ந்தது. கோள்களின் எண்ணிக்கை 2-இன் 64-ஆம் அடுக்கு. குழந்தைகளோடு சேர்ந்து வீடு கட்டி விளையாட இதைவிட நல்லது இல்லை. ஆனால் எதையும் இழக்காத இடத்தில் எனக்குச் சீக்கிரம் கொட்டாவி வந்துவிடுகிறது.

இப்போது நம் ஊர் விஷயம். டர்பனுக்கு வடக்கே, முட்டுன்சினி கடற்கரையில் ஏறும் கடலடிக் கேபிள்கள் வழியாகவோ கேப் பக்கமாகவோ சுற்றி நம் சிக்னல் ஐரோப்பாவைத் தொட்டுத் திரும்ப 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். துப்பாக்கிச் சண்டை கேம்களில் பிங் என்று சொல்லும் இந்தத் தாமதம் வயிற்றெரிச்சல். ஈவ் சர்வரோ நொடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கிறது. லண்டன்காரனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரும் போரில் கூட்டம் கூடினால் சர்வர் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கிவிடும், அப்போது எல்லோரும் ஒரே நத்தை. எலீட்டில் கப்பல் ஓட்டுவது நம் கணினியிலேயே நடக்கிறது, தனியாகப் பறந்தால் பிங் தெரியாது. இன்னொருவரோடு மோதும்போதுதான் கப்பல் துள்ளித் துள்ளி நகரும்.

நேரமும் நமக்குச் சாதகம். ஐரோப்பியர்கள் இரவு ஃப்ளீட் (கப்பல் படை) கூட்டும்போது நமக்கும் ஏறக்குறைய அதே மணி. அதே ஃப்ளீட்டுக்காகச் சென்னை உறவுக்காரர்கள் நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும்.

மின்வெட்டில்தான் ஈவ் நம்மை அடிக்கும். 2023-இல் லோட்-ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது இங்கே ஆடியவர்களைக் கேளுங்கள். சண்டையின் நடுவில் கரண்ட் போனால் எலீட்டில் உங்கள் கப்பல் மறைந்துவிடும். வேண்டுமென்றே வயரைப் பிடுங்கித் தப்புகிறவர்கள் மீது அங்கே தீராத புகார் இருப்பதும் அதனால்தான். ஈவில் இன்னொரு வீரரைச் சுட்டிருந்தால், நீங்கள் இருட்டில் மெழுகுவர்த்தி தேடும்போதும் கப்பல் 15 நிமிடம் வெளியிலேயே இருக்கும். எதிரிக்கு அது தாராளமான நேரம். ஒரு ஆறுதல், ஈவில் உங்கள் பாத்திரத்தின் திறமைகள் நிஜ நேரத்தில் வளர்கின்றன. கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரமும் கணக்கில் சேரும்.

பணம் என்று பார்த்தால் எலீட்டை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. ஈவ் 2016 நவம்பர் முதல் ஆல்ஃபா என்ற வரம்புக்குட்பட்ட இலவச வடிவத்தில் கிடைக்கிறது. முழு உறுப்பினர் கட்டணம் 2022-இல் மாதம் 19.99 டாலர் ஆனது, ரேண்டில் முந்நூறைத் தாண்டும். வீட்டில் கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். சந்தையில் கெட்டிக்காரராக இருந்தால் கேம் பணத்தில், உறுப்பினர் கட்டணத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி அதையும் கட்டிவிடலாம், ஆனால் அது ஒரு பகுதிநேர வேலை.

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து இறங்குவதாக இருந்தால் யோசிக்காமல் ஈவ் ஆல்ஃபாவில் தொடங்கச் சொல்வேன். தனியாளாக, வேலை முடிந்து ஒரு மணி நேரம் கிடைப்பவருக்கு எலீட். இரண்டுக்கும் முன் ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கிவிடுங்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, சரி. ஆனாலும் என் போனில் அந்த மின்வெட்டு அட்டவணை ஆப்பை நான் இன்னும் அழிக்கவில்லை.