ரோலண்ட் ரெடி ஸ்ட்ராட்: சிந்தசைசர் உள்ளே இல்லை, அதற்கான வழிதான் இருக்கிறது

ஃபெண்டரின் ரோலண்ட் ரெடி ஸ்ட்ராட்டோகாஸ்டரை 'சிந்தசைசர் உள்ள கிட்டார்' என்றே பலர் விற்கிறார்கள். அதை நம்பி வாங்கி ஆம்ப்பில் செருகினால் சாதாரண ஸ்ட்ராட் ஒலிதான் வரும். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. இந்தக் கிட்டாருக்குள் இருப்பது ஜி.கே-2ஏ என்ற ஆறு பிரிவு பிக்கப், அதற்கான சின்ன சர்க்யூட், பக்கவாட்டில் ஒரு 13-பின் சாக்கெட். பிரிட்ஜுக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கும் நடுவே மெல்லிய பட்டையாகத் தெரிவதுதான் அந்த பிக்கப். ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக எடுத்து கேபிள் வழியே வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. வயலினோ ஆர்கனோ கேட்க வேண்டுமென்றால் ரோலண்டின் ஜி.ஆர்-55 போன்ற ஒரு தனி சிந்தசைசர் பெட்டி வேண்டும்.

இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். சிந்தசைசரையே உடம்புக்குள் வைத்த கிட்டார்களும் உண்டு: 1980களின் இறுதியில் கேசியோ பி.ஜி-380, அண்மையில் ரோலண்டின் துணை பிராண்டான பாஸ் (Boss) கொண்டுவந்த யூரஸ் ஜி.எஸ்-1. மேடையில் சுமை குறைவு என்பது அவற்றின் பலம். ஆனால் சிப் பழசாகும் வேகத்தில் மரம் பழசாவதில்லை. ரோலண்ட் ரெடியில் பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

கிட்டாராக இது மெக்சிகோவில் செய்த ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்: 648 மி.மீ. ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), 21 ஃப்ரெட், மூன்று சிங்கிள் காயில். இரண்டு டோன் நாப்களில் ஒன்று போய் அந்த இடத்தில் சிந்த் வால்யூம் வந்திருக்கிறது. கூடவே கிட்டார், மிக்ஸ், சிந்த் என்று மூன்று நிலை உள்ள சின்ன சுவிட்சும், பேட்ச் (பெட்டியில் சேமித்த ஒலி) மாற்ற இரண்டு பட்டன்களும். பேட்டரி கிடையாது, ஜி.கே. சர்க்யூட்டுக்கு வேண்டிய மின்சாரம் 13-பின் கேபிளிலேயே பெட்டியிலிருந்து வந்துவிடும். சாதாரண பிக்கப்பின் ஒலியும் அதே கேபிளில் போகிறது.

வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது 'தாமதம்' பற்றி. முழுப் பழியையும் கிட்டார் மேல் போடுவது நியாயமில்லை. பெட்டிக்குள் இரண்டு விதமான ஒலிகள் இருக்கின்றன. ஒன்று பி.சி.எம். அல்லது மிடி வகை: கம்பியின் சுருதி என்ன என்று பெட்டி முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் பதிவு செய்த பியானோவையோ ஸ்ட்ரிங்ஸையோ ஒலிக்க வைக்கும். சுருதி தெரிய ஒரு முழு அலையாவது கடந்தாக வேண்டும். தடித்த ஈ கம்பி நொடிக்கு 82.4 அதிர்வு, அதாவது ஓர் அலைக்கு 12 மில்லி செகண்ட். மெல்லிய ஈ கம்பிக்கு 3 மில்லி செகண்ட் போதும். பிக் பட்ட கணத்தில் வரும் வெறும் சத்தத்தில் சுருதியே இருக்காது, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்க் கம்பிகளில் பேஸ் வாசித்தால் ஒலி பின்தங்குவது இதனால்தான். எந்தக் கம்பெனி பெட்டியாலும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது. சுற்றுவழி ஒன்று உண்டு: 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்துவிட்டு, பேட்சில் ஓர் ஆக்டேவ் இறக்குங்கள். காத்திருப்பு பாதியாகும்.

இரண்டாவது மாடலிங் வகை. இது சுருதியைத் தேடுவதில்லை. கம்பியின் சிக்னலையே எடுத்து உருமாற்றுகிறது. மாற்று ட்யூனிங், 12 கம்பி கிட்டார், பழைய ஜி.ஆர்-300 பாணி சிந்த் எல்லாம் இப்படித்தான். கையோடு ஒட்டி வரும். 2011இல் வந்த ஜி.ஆர்-55இல் இரண்டு பி.சி.எம். டோன், ஒரு மாடலிங் டோன், சாதாரண பிக்கப் ஆகியவற்றைக் கலக்கலாம். பாஸின் எஸ்.ஒய்-1000 பெட்டியில் பி.சி.எம். ஒலிகளே இல்லை, அதனால் பியானோ வேண்டுபவருக்கு அது உதவாது. வேகம் வேண்டுபவருக்கு அதுதான் பொருத்தம்.

செட்டப்பில் வரிசை முக்கியம். முதலில் புதுக் கம்பி. பழைய கம்பியின் ஓவர்டோன்கள் ஒழுங்காக இருக்காது, பெட்டி தப்பான நோட்டைப் பிடிக்கும். 009ஐவிட சற்றுத் தடித்த 010 செட் நன்றாக டிராக் ஆகிறது, அதாவது பெட்டி சுருதியைச் சரியாகப் பிடிக்கிறது. நைலான் கம்பி இந்தக் காந்த பிக்கப்புக்கு ஆகவே ஆகாது. அடுத்து ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியின் உயரம்: ஃப்ரெட் பஸ் (கம்பி ஃப்ரெட்டில் உரசும் சத்தம்) துளியும் இருக்கக் கூடாது. ஆம்ப்பில் காதுக்கே எட்டாத பஸ், சிந்தில் ஓர் ஆக்டேவ் மேலே துள்ளும் நோட்டாக வந்து நிற்கும். ஆக்‌ஷன் சரியான பிறகு பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 1 மி.மீ. இருக்க வேண்டும், தடித்த ஈ பக்கமும் மெல்லிய ஈ பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் அதற்குரிய சென்சாரின் நேர் மேலே ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு பெட்டியில் ஜி.கே. செட்டிங். பிக்கப் வகை ஜி.கே-2ஏ, ஸ்கேல் 648 மி.மீ. ஒவ்வொரு கம்பிக்கும் சேடிலிலிருந்து (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பிக்கப்பின் நடு வரை அளவுகோலால் அளந்து போடுங்கள். இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வது) சரிசெய்த சேடில்கள் ஒரே வரிசையில் நிற்காது, ஆறு கம்பிக்கும் ஒரே எண் போடுவது சோம்பேறித்தனம். கடைசியாக சென்சிடிவிட்டி: ஒரு கம்பியை உங்களால் முடிந்த வரை பலமாக அடித்து, மீட்டர் உச்சத்தைத் தொடும் சற்று முன்பே நிற்கும்படி வைத்தால் போதும். ஒரு கம்பியை அடிக்கும்போது பக்கத்துக் கம்பியின் மீட்டரும் ஆடினால் பிக்கப் உயரத்துக்கே திரும்பிப் போங்கள்.

ட்ரெமலோதான் இந்த மாடலின் பலவீனம். பிரிட்ஜ் மிதக்கும்படி வைத்தால், ட்ரெமலோ தண்டை மேலே இழுக்கும்போது கம்பிகள் தாழ்ந்து பிக்கப்பில் உரசும். ஒரு கம்பியை பெண்ட் செய்யும்போது மற்றவற்றின் சுருதி இறங்கும். சிந்த் அதையும் விடாமல் வாசித்துக் காட்டும். பிரிட்ஜ் தட்டு உடம்பில் படியும்படி பின்னால் ஸ்ப்ரிங்கை இறுக்கி வைப்பதே நல்லது.

கையும் கொஞ்சம் மாற வேண்டும். பாம் ம்யூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) பி.சி.எம்.மில் குப்பையாக வரும். விரலை எடுக்கும்போது திறந்த கம்பி லேசாக அதிர்ந்தாலும் அது முழு நோட்டு. ஃப்ளூட்டை நினைத்துக்கொண்டு ஸ்ட்ரம் அடித்தால் யாரை நொந்தும் பயனில்லை.

இது இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். பெட்டியோடு இணைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இணைப்பதற்கும் கழற்றுவதற்கும் முன் பெட்டியை அணைத்துவிடுங்கள். சிந்த் ஒலியே வரவில்லையா? சின்ன சுவிட்ச் 'கிட்டார்' நிலையில் இருக்கும், பாதிப் புகார்கள் அதோடு தீரும். ஒரே ஒரு கம்பி மட்டும் ஊமையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்; பின் 1 முதல் 6 வரை கம்பிக்கு ஒன்று, அதில் ஒன்று வளைந்திருக்கலாம். வேறு கேபிளிலும் அதே கம்பி ஊமையானால் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கும் அல்லது காயில் போயிருக்கும். காயில் என்றால் கிட்டாரை வாங்காமல் விட்டுவிடுங்கள். சிந்த் வால்யூம் நாப் கரகரவென்று சத்தம் போடாது. அது ஒலியைக் கடத்துவதில்லை, கட்டுப்பாட்டு வோல்டேஜை மட்டும் அனுப்புகிறது. அழுக்கு சேர்ந்தால் ஒலியளவு திடீரென்று எகிறும், விழும். கான்டாக்ட் கிளீனர் போதும்.

பாஸ் 2023இல் கொண்டுவந்த ஜி.எம்-800 13-பின்னை நேராக ஏற்காது, அது டிஜிட்டல் ஜி.கே. இணைப்பு. ஜி.கே.சி-ஏ.டி. கன்வெர்ட்டர் நடுவில் வந்தால் இந்தக் கிட்டாரும் அதில் ஓடும். பட்ஜெட் போடும்போது கன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்தே போடுங்கள்.