திருச்சியில் ஏறி பலாலியில் இறங்கினோம்

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஊருக்குப் போவது என்றால் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம்தான். இறங்கி, வான் வண்டிக்குள் பெட்டிகளோடு பெட்டியாக அடைபட்டு, ஏழெட்டு மணித்தியாலம் குலுங்கி, ஆனையிறவு தாண்டினால்தான் ஊர் வாசம் வரும். இந்த முறை அம்மாவும் கூட வந்தார். வயது எழுபத்தெட்டு, இரண்டு முழங்காலும் சரியில்லை. அதனால் ஜெர்மனியிலிருந்து துபாய், அங்கிருந்து திருச்சி, பிறகு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் என்று வெளிக்கிட்டோம்.

திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர்தான். சென்னையிலிருந்து என்றால் 355 வரும். சென்னைச் சேவை 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. திருச்சிக்கு 2025 மார்ச் கடைசியில்தான் பறக்கத் தொடங்கினார்கள். ஆனால் பாதை ஒன்றும் புதிதில்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது இதே பலாலி, வழியாகத்தான் சென்னைக்குப் போனது. அந்தக் காலத்தில் பலாலியில் ஏறித் திருச்சிக்குப் போய் படம் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பற்றி அம்மா இப்பவும் கதைப்பார். எவ்வளவு உண்மையோ!

டிக்கெட்டில் பயண நேரம் ஒரு மணித்தியாலம் என்று இருந்தது. சக்கரம் நிலத்தை விட்டதிலிருந்து திரும்பத் தொடும் வரை நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: நாற்பத்திரண்டு நிமிடம். மிச்சம் எல்லாம் ஊர்ந்து போவதும் காத்து நிற்பதும். காற்றாடி வைத்த ஏடிஆர் பிளேன், எழுபது சொச்சம் இருக்கை. ஏறி முடிந்து தண்ணீர்ப் போத்தலைத் திறக்க முதல் கடல் வந்துவிட்டது, கடல் முடிய செம்மண்ணும் பனையும்.

சரி, வில்லங்கம் எங்கே என்றால் திருச்சியில். இரண்டு தனித்தனி டிக்கெட் என்பதால் இந்தியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, திரும்பப் பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்சிக்காரர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. பயணத்துக்குப் பத்து நாளைக்கு முதல் நானாகத்தான் கண்டுபிடித்தேன். விடியப்புறம் இறங்கினோம், பிளேன் மத்தியானத்துக்குப் பிறகு. அன்றைக்கு அதைத் தவறவிட்டிருந்தால் அடுத்த நாள்தான்.

பெட்டிக்குத் திருச்சி வரை தந்த கிலோ வேறு, சின்னப் பிளேனில் தரும் கிலோ வேறு. கவுண்டருக்கு முன்னால் நிலத்தில் பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் குளிர் ஜக்கெற்றை எடுத்துப் போட்டு, அதன் பைகள் முழுக்கச் சொக்கலேற்றை அடுக்கினார். திருச்சி வெயிலில்! மிஞ்சிய நான்கு கிலோவுக்குக் காசு கட்டினேன்.

மொத்தக் கணக்குப் பார்த்தால் கட்டுநாயக்காவில் இறங்கி வான் வண்டியில் போகும் அதே நேரம்தான் போனது. ஆனால் அம்மா கால் நீட்டி நித்திரை கொண்டார், அதுவே எனக்குப் போதும். பலாலியில் ஒரே பிளேன் ஆட்கள் என்பதால் கியூ கெதியாக நகர்ந்தது. டாக்ஸிக்காரத் தம்பி, “அம்மாவை முன்னுக்கு ஏத்துங்கோ அண்ணை, கால் நீட்டலாம்” என்றான். எங்கள் ஊரான உரும்பிராய்க்குப் போய்ச் சேர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சொக்கலேற் பாணியாகிப் போயிருந்தது. சின்னம்மா அதை அப்படியே பிரிட்ஜுக்குள் வைத்து, மறுநாள் கத்தியால் வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.