ஓப்பனிங் கையேடும் சேலத்துச் சதுரங்க வகுப்பும்

சேலத்தில் வார இறுதிகளில் நடைபெறும் ஒரு சதுரங்கப் பயிற்சி வகுப்பின் ஆரம்பநிலைப் பாடத்தையும், அங்கே சேரும் பிள்ளைகளுக்குத் தரப்படும் சுருள்கம்பி போட்ட கையேட்டையும் பற்றிய மதிப்புரை இது. என் மகள் அங்கே படித்தாள். என் குறை பாடத்திட்டத்தைப் பற்றியதே ஒழிய ஆசிரியரைப் பற்றியது அல்ல என்பதால், வகுப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பொறுமையானவர். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற ஒழுங்கையும், ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதிவைக்கும் பழக்கத்தையும் முதல் வகுப்பிலிருந்தே ஊட்டுகிறார். கட்டணமும் நியாயமானதே.

சிக்கல் கையேட்டில் தொடங்குகிறது. அதில் முக்கால்வாசிப் பக்கங்கள் ஓப்பனிங் வரிசைகளுக்கே, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களுக்கே, போய்விட்டன. இத்தாலியன், ஸ்பானிஷ், ஃபிரெஞ்சு, காரோ-கான், லண்டன் என்று போய், சிசிலியனில் நைடார்ஃப் வரை வந்து, அதற்குள்ளும் கறுப்பு ராணி பி6 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) வந்து பி2 சிப்பாயை வெட்டும் ‘விஷச் சிப்பாய்’ வரிசையை அச்சிட்டிருக்கிறார்கள். 1972 உலகப் பட்டப் போட்டியில் அமெரிக்க மேதை பாபி ஃபிஷரே அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கியிடம் ஓர் ஆட்டத்தை இழந்த வரிசை அது. 2024 மார்ச் முதல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஆட்டக்காரர்களுக்குத் தரும் தரப்புள்ளியின் அடிமட்டமே 1400 என்றாகிவிட்ட நிலையில், அந்தப் படியையே இன்னும் மிதிக்காத எட்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கொடுப்பது, இழை முடியவே தெரியாதவரிடம் தறியில் பூவேலை நெய்வதற்கான துளையிட்ட ஜக்கார்டு அட்டையைக் கொடுப்பதற்குச் சமம். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

இதன் விளைவை வகுப்பிலேயே பார்க்கலாம். வெள்ளைக் காய்களோடு அமர்ந்த பிள்ளை இத்தாலியனைப் பத்து நகர்த்தல் வரை ஒப்பிக்கத் தயாராக இருக்கிறது. எதிரே இருப்பவனோ இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை எஃப்6 கட்டத்துக்குக் கொண்டுவருகிறான். கையேட்டில் அதற்குப் பக்கமில்லை. பிள்ளையின் கை நின்றுவிடுகிறது. ராணியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தால் அது துரத்தப்படும், தன் குதிரைக்கு உரிய கட்டத்தையும் அடைத்துக்கொள்ளும் என்ற ஒரே காரணத்தை அந்தப் பிள்ளை அறிந்திருந்தால் போதும். தன் வெள்ளைக் குதிரைகளில் ஒன்றை சி3 கட்டத்தில் வைத்து, அடுத்து டி5 கட்டத்துக்குத் தாவினால் ராணியையும் சி7 சிப்பாயையும் ஒருசேரத் தாக்கலாம் என்பதைத் தானே கண்டுபிடித்திருக்கும். இது மனப்பாடத்தால் வருவதில்லை.

அதற்காக ஓப்பனிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத் தொடக்கத்தில் எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை என்பதையும், அதைக் குறிவைத்து வரும் நான்கு நகர்த்தல் மேட்டையும் (மேட் என்றால் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கி வெல்வது), இத்தாலியனில் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாயும் தாக்குதலையும் தெரியாத பிள்ளை சில நிமிடங்களில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு எழும். ஆகவே வெள்ளைக்கு ஒரு தொடக்கம், இ4 நகர்த்தலுக்கு ஒரு பதில், டி4 நகர்த்தலுக்கு ஒரு பதில், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகர்த்தல்கள், அவற்றின் காரணங்கள் ஆகியவையே ஆரம்பநிலைக்குப் போதுமானவை என்பது என் கருத்து. ஒரு மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் இதற்குத் தாராளம். மீதி நேரம் காவலில்லாத காயைக் கண்டுகொள்ளவும், எதிராளியின் நகர்த்தல் எதை மிரட்டுகிறது என்று கேட்டுக்கொள்ளவும் செலவாக வேண்டும். ஏனென்றால் இந்த நிலையில் பெரும்பாலான ஆட்டங்கள் சும்மா கொடுத்துவிட்ட குதிரையாலும் யானையாலும்தான் முடிகின்றன.

இந்த வகுப்பு அறவே கைவிட்ட பகுதி எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சும் ஆட்டத்தின் கடைசிக் கட்டம். ராணி கூடுதலாக இருந்தும், எதிராளியின் ராஜா தாக்கப்படாமலேயே அவருக்கு நகர்த்த எதுவும் இல்லாமல் ஆக்கி, ஸ்டேல்மேட் என்ற சமநிலையில் அரைப் புள்ளியோடு திரும்பும் பிள்ளைகளை அங்கே நிறையப் பார்த்தேன். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 16 நகர்த்தல்களில் மேட் செய்யலாம். சரியான முறை தெரியாதவர்கள், காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் ஐம்பது நகர்த்தல்கள் போனால் சமநிலை கோரலாம் என்ற ஐம்பது நகர்த்தல் விதியில் மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்புச் சுவரில் குகேஷின் பெரிய படம் தொங்குகிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவர் உலகப் பட்டம் வென்ற 14ஆவது ஆட்டத்தில், எதிரே ஆடிய டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்கு இழுத்ததும், யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய நிலையில் ஆட்டம் முடிந்தது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நைடார்ஃப் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நிலையைப் பலகையில் வைத்துக் காட்டியிருக்கலாம்.

சேர்க்க விரும்பும் பெற்றோர் தயங்காமல் சேர்க்கலாம். ஆனால் முதல் நாளே ஆசிரியரிடம் மேட் கணக்குகளும் எண்ட்கேமும் எப்போது வரும் என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்ட பிறகு அவர் எங்கள் குழுவுக்கு யானை மேட்டை அழகாகவே சொல்லிக்கொடுத்தார். கையேட்டைத் தனியாகவும் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டியதில்லை. அந்த வரிசைகள் எல்லாம் லீசெஸ் என்ற சதுரங்க இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடைசி நான்கு பக்கங்களில் உள்ள இரண்டு நகர்த்தல் மேட் கணக்குகள் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. தெரிந்தவர் யாரிடமாவது கையேடு இருந்தால் அவற்றை நகலெடுத்துக்கொள்ளலாம்.