சாட்சி சொன்னபடி ஓர் இரவு

ஒரு மில்க் ஷேக் கோப்பை காற்றில் சுழன்று, மிக மெதுவாகத் தரையில் விழுந்து சிந்துகிறது. எரால் மோரிஸ் 1988இல் இயக்கிய 'தி தின் ப்ளூ லைன்' ஆவணப்படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. 1976 நவம்பரில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ராண்டல் ஆடம்ஸுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. அந்த இரவை ஒவ்வொருவரும் சொன்னபடியே மோரிஸ் நடிக்க வைத்துப் படமாக்கியிருக்கிறார். உடன் பணியிலிருந்த பெண் காவலர் விதிப்படி காரைவிட்டு இறங்கி நின்றாரா, உள்ளேயே அமர்ந்திருந்தாரா என்ற ஐயத்தை அவர் கையிலிருந்த அந்தக் கோப்பை கிளப்பிவிடுகிறது.

ஆவணப்படத்தில் நடிப்புக் காட்சிகள் கூடாது என்போர் உண்டு. ஆனால், ஒவ்வொரு முறையும் விவரம் மாறுவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் நீதிமன்றம் எதை நம்பித் தீர்ப்பளித்தது என்பது நமக்கு உறைக்கிறது. பேசுபவர்களின் பெயர்கள் திரையில் வருவதில்லை என்பதால் முதல் தடவை பார்ப்பவர்கள் சற்றுத் தடுமாறலாம். ஃபிலிப் கிளாஸின் இசை அந்தத் தடுமாற்றத்தையும் தாண்டி நம்மை இழுத்துச் செல்கிறது. படம் வந்த மறு ஆண்டு, செய்யாத குற்றத்துக்காக 12 ஆண்டுகள் சிறையிலிருந்த ஆடம்ஸ் விடுதலையானார்.

வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) இதே வேதனையை நம் மொழியில் சொன்ன படம். சிறையடைப்பைத் தானே அனுபவித்த மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவல் அதன் மூலம் என்பதால், அடி விழும் காட்சிகளை என்னால் வெறும் சினிமாவாகப் பார்க்க முடிவதில்லை.

இவற்றோடு நான் சேர்த்து வைப்பது தென் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளே அதற்கு அடிப்படை. கொலை நடந்த இடத்துக் காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. பிறகு துப்பறிவாளரே, சந்தேகப்பட்டவனின் காலணியைச் சேற்றில் பதித்துப் புதிய தடம் உண்டாக்குகிறார். முதலில் பார்த்தபோது அந்தக் காட்சிக்கு நான் சிரித்தேன். உண்மைக் கொலையாளி 2019இல் மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டார். அவற்றுள் ஒரு கொலைக்காகச் சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கழித்த வேறொருவர் 2020இல் நிரபராதி எனத் தீர்ப்பாயிற்று. அந்தச் செய்தியைப் படித்த பின் மீண்டும் படத்தைப் போட்டுப் பார்த்தேன். சேற்றில் காலணியை அழுத்தும் அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.